வெல்டிங் மெஷினும் உங்கள் சிபியு ஃபேனும்

என் மாமா மாமல்லபுரம் கடலோரம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். சில மாதங்களுக்கு முன் அவரிடமிருந்து போன். "மாப்ளே, மிக் மெஷின்ல கம்பி விட்டு விட்டு வருது. போர்டு போயிடுச்சு, மாத்தணும்னு மெக்கானிக் சொல்றார். வந்து பாரேன்."

நான் சாஃப்ட்வேர் எழுதுபவன். ஆனாலும் செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போய்ச் சேர்ந்தேன். அங்கே பார்த்தது, புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய உங்களுக்கும் உதவும்.

கம்பியின் வேகம்

மிக் வெல்டிங்கில் கம்பியே உருகி இரும்பை இணைக்கிறது. டிரிக்கரை அழுத்தியதும், சுருளில் உள்ள 0.8 அல்லது 1.2 மி.மீ. கம்பியை மோட்டாரில் சுழலும் உருளைகள் பிடித்துத் தள்ளும். லைனர் என்ற நீண்ட குழாய் வழியாக அது முனைக்கு வரும். வேகம் குறைந்தால் கம்பி பின்னோக்கி உருகி முனையில் ஒட்டிக்கொள்ளும். கூடினால் உருகாத கம்பி இரும்பில் போய் முட்டும். இரண்டிலும் இணைப்பு கெடும்.

சர்க்யூட் என்ன செய்கிறது?

வேகத்தைக் குறைக்க, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை கன்ட்ரோல் சர்க்யூட் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை ஆன்-ஆஃப் செய்கிறது. ஆன் நேரம் நீண்டால் வேகம் கூடும். இதுதான் பல்ஸ் விட்த் மாடுலேஷன்.

சுமை கூடினால் மோட்டார் தளருமே? அதற்கும் வழி உண்டு. ஆஃப் ஆகும் கணத்தில், சுழலும் மோட்டார் ஒரு டைனமோ போல வோல்டேஜ் தரும். அது வேகத்துக்கு ஏற்ப மாறும். சர்க்யூட் அதை அளந்து, நாம் வைத்த அளவோடு ஒப்பிட்டு, ஆன் நேரத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும். சில மெஷின்களில் இதற்குத் தனி சென்சார் இருக்கும்.

உங்கள் சிபியு ஃபேனிலும் இதே வேலைதான். நான்கு வயர் ஃபேனில் இரண்டு வயர் 12 வோல்ட் மின்சாரத்துக்கு. மூன்றாவது, ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு அனுப்பி வேகத்தைச் சொல்லும். நான்காவதில் மதர்போர்டின் கட்டளை வரும்.

பழுது எங்கே?

மாமாவின் மெஷினில் மோட்டார் சீராகவே சுழன்றது. உருளையில் கம்பிதான் வழுக்கியது. மூடாமல் வைத்த சுருள் உப்புக் காற்றில் துருப்பிடித்து, துருத்தூள் லைனரை அடைத்திருந்தது. சர்க்யூட் அளந்தது மோட்டாரின் வேகத்தை. கம்பியின் வேகத்தை அல்ல. அளக்காததை அது எப்படிச் சரிசெய்யும்? லைனரையும் சுருளையும் மாற்றினோம். போர்டு செலவு மிச்சம்.

உங்கள் கம்ப்யூட்டரிலும் ஹீட் சிங்க்கில் தூசி அடைத்தால், மதர்போர்டு ஃபேனை வேகமாக்கும். தூசியை அகற்ற அதனால் முடியாது. சூடு தணியாவிட்டால் ப்ராசசர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

எனவே, கம்ப்யூட்டர் மந்தமாகி ஃபேன் இரைந்தால், பயாஸ் திரையில் ஃபேன் வேகத்தையும் வெப்பத்தையும் பாருங்கள். இரண்டும் அதிகம் என்றால் முதலில் தூசியைச் சந்தேகியுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். "போர்டு போச்சு" என்று யாராவது சொன்னால், அதற்குப் பிறகு நம்பலாம்.