சூட்கேஸ் கூடியது, பிரீஃப்கேஸ் குறைந்தது

2019-இல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்துபோனவர்கள் 8 கோடியே 9 லட்சம் பேர். கொரோனாவால் 2021-இல் வெறும் 1 கோடியே 94 லட்சம். லண்டனின் இன்னொரு விமான நிலையமான கேட்விக்கில் ஒரு முனையத்தையே பூட்டிவிட்டார்கள். எல்லாம்தான் ஸூம் திரையில் முடிகிறதே, இனி யார் பறக்கப் போகிறார்கள் என்ற பேச்சு அப்போது பலமாக இருந்தது.

பேச்சு பாதிதான் பலித்தது. 2024-இல் ஹீத்ரோ ஏறக்குறைய 8 கோடியே 39 லட்சத்தைத் தொட்டுப் பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. மலிவு விலை டிக்கெட்டுகளுக்குப் பேர்போன ஸ்டான்ஸ்டெட் நிலையமும் தாண்டியது. கேட்விக் 4 கோடியே 32 லட்சத்தோடு சற்றே பின்தங்கி நிற்கிறது.

எழுந்திருக்காதது லண்டன் சிட்டி. நிதி நிறுவனங்கள் குவிந்த கேனரி வார்ஃபுக்குப் பக்கத்தில், பழைய கப்பல் துறையில் 1987-இல் திறந்த சின்ன நிலையம். காலையில் சூரிச் போய் மாலையில் திரும்புகிற கோட்டு சூட்டுக்காரர்களின் இடம். இங்கிருந்து நியூயார்க்குக்கு 32 இருக்கைகள் மட்டுமே கொண்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று பறந்தது. எல்லாமே பிசினஸ் கிளாஸ். ஓடுபாதை 1,500 மீட்டர்தான் என்பதால் முழு எரிபொருளோடு மேலெழும்ப முடியாது. போகும் வழியில் அயர்லாந்தின் ஷானனில் இறங்கி நிரப்பிக்கொள்ளும். அப்படியொரு சேவைக்கும் ஆள் இருந்தது! 2020-இல் நின்றது நின்றதுதான். நிலையம் முழுவதற்கும் 2019-இல் 51 லட்சமாக இருந்த பயணிகள் 2024-இல் சுமார் 36 லட்சம். போதாததற்கு, 2022-இல் வந்த எலிசபெத் ரயில் தடம் கேனரி வார்ஃபை ஹீத்ரோவோடு நேரடியாக இணைத்துவிட்டது. சிட்டி நிலையத்தை ஒட்டியே ஓடும் அந்த ரயில் அங்கே நிற்பதில்லை.

ஹீத்ரோவுக்கு நேரெதிர்த் தலைவலி. இரண்டே ஓடுபாதைகள், ஆண்டுக்கு 4,80,000 விமானங்கள் என்ற உச்சவரம்பு. 2000-இல் ஒரு விமானத்துக்குச் சராசரியாக 140 பேரை ஒட்டி இருந்தது, இப்போது 175-ஐத் தாண்டுகிறது. வளர்ச்சி என்று சொல்வதைவிட நெரிசல் என்பதே பொருத்தம்.

இந்த நிலையில் 2024 ஆகஸ்டில் சிட்டிக்கு அரசு ஓர் அனுமதி கொடுத்தது: ஆண்டுக்கு 65 லட்சம் பேர் என்ற வரம்பு 90 லட்சமாக உயர்ந்தது. ஹீத்ரோவில் பிதுங்கும் கூட்டத்தை இங்கே திருப்பிவிடலாமே என்றால், துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகிற பெரிய விமானங்கள் அந்த ஓடுபாதையில் இறங்கவே முடியாது.