ஜீப்புக்குள் ஒரு பத்தாயம்!

"ஏன் மாப்ளே, ஜீப்புல கட்டில் போடறியே... அப்படியே ஒரு தொட்டிலும் சேர்த்துப் போட்டுடேன்!"

பாபநாசம் பக்கத்தில் சாகுபடி செய்கிற என் தாய்மாமாவின் முதல் கமெண்ட் இது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். பி.காம். முடித்துவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவனுக்குக் கிண்டல் ஒன்றும் புதிதில்லையே!

விஷயம் இதுதான். என்னிடம் ஒரு பழைய மஹிந்திரா ஜீப் இருக்கிறது. நான்கு சக்கரமும் இழுக்கிற ரகம். லாட்ஜுக்குத் தண்டம் அழாமல் மலை, காடு என்று சுற்றி, வண்டிக்குள்ளேயே படுத்து எழ வேண்டும் என்று நெடுநாள் ஆசை. வெளிநாட்டில் இதற்கென்றே ரெடிமேட் பெட்டி, படுக்கை எல்லாம் விற்கிறார்கள். விலையைப் பார்த்தேன். ஜீப்பை விற்றால்தான் பெட்டி வாங்கலாம்!

ஆகவே, தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் ஒரு ஆசாரியாரைப் பிடித்தேன். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் வீடு வீடாகப் பத்தாயம் செய்தவர்.

"நெல்லு கொட்டி வைக்கவா தம்பி?"

"இல்லீங்க... நான் படுக்க!"

முதல் சிக்கல் நீளம். முன்சீட்டுக்குப் பின்னால் கிடைத்தது நாலே முக்கால் அடி. நானோ ஐந்தடி ஏழு அங்குலம். ஆசாரியார் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, ஒரே ஒரு கீலில் பிரச்னையைத் தீர்த்தார். ராத்திரி முன்சீட்டை மடக்கி, பலகையின் தலைமாட்டை விரித்தால் ஆறடி. காலையில் மடித்துவிட வேண்டியது.

இரண்டாவது சிக்கல் சட்டம். ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறுகிற மாதிரி வண்டியில் கை வைக்கக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதை அடித்துச் சொல்லிவிட்டது. அதனால் சீட்டைப் பிடுங்கவில்லை, வெல்டிங்கும் கிடையாது. பின்னால் எதிரெதிராக இருக்கிற இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் ஒரு நீளப் பெட்டி, மேலே பலகை. நாலு போல்ட்டைக் கழற்றினால் ஜீப் பழையபடி ஜீப்!

மூன்றாவது கனம். 18 மி.மீ. பிளைவுட் எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றே முப்பது கிலோவைத் தாண்டும். 12 மி.மீ. போட்டு, அடியில் குறுக்குச் சட்டம் கொடுத்தார். பெட்டியில் இரண்டு டிராயர். ஒன்றில் ஸ்டவ், பாத்திரம். இன்னொன்றில் ஜாக்கி, கயிறு, ஸ்பானர். கடகடவென்று சத்தம் வராமலிருக்கப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி அடியில் ஒட்டினோம். டிராயருக்குக் கொண்டி கட்டாயம் சார்! இல்லாவிட்டால் சடன் பிரேக் போடும்போது ஸ்டவ் நம் கழுத்தில் மாலையாக விழும்.

வண்டிக்குள் ஸ்டவ் பற்ற வைக்காதீர்கள். ஏ.சி.க்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கம் நிரந்தரமாகிவிடும். கண்ணாடியை இரண்டு விரல் கடை திறந்து வைத்து, கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள்.

மொத்தச் செலவு ரூ. 14,800. கொடைக்கானலுக்கு நாள் குறித்தேன்.

அப்போதுதான் மாமாவின் போன். 2023 பிப்ரவரி முதல் வாரம். அறுவடை நேரத்தில் டெல்டாவில் மழை கொட்டியதே, அதே வாரம்.

"மாப்ளே, உன் ஜீப் சும்மாத்தானே நிக்குது?"

மாமாவின் சம்பா நெல், கொள்முதல் நிலைய வாசலில் அம்பாரமாகக் கிடந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் விதிப்படி எடுக்க முடியாது (பின்னால் 20 வரை தளர்த்தினார்கள்). நனைந்தால் முளை விட்டுவிடும். முன்னால் நீள வரிசை. அறுபத்து நாலு வயசு மனிதர் மூன்று ராத்திரியாகச் சாக்கை விரித்து, தார்ப்பாய் ஓரத்தில் படுத்திருந்தார். வருஷத்து உழைப்பு, கூட்டுறவுக் கடன் எல்லாம் அந்தத் தார்ப்பாய்க்கு அடியில்தான்.

போகிற பாதை சேறு. ஒரு டிராக்டர் மாட்டிக்கொண்டு நின்றது. நாலு சக்கர லீவரைப் போட்டேன். நத்தை மாதிரி ஊர்ந்து போய்ச் சேர்ந்தது ஜீப்.

ஐந்து ராத்திரி! பலகையில் மாமா. முன்சீட்டில் கேள்விக்குறியாக நான். ஸ்டவ் இருந்த டிராயரில் டார்ச், கயிறு, மாமாவின் பி.பி. மாத்திரை. மணிக்கொரு தரம் எழுந்து போய்த் தார்ப்பாயைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து படுப்பார். இரண்டாம் நாளிலிருந்து மற்ற விவசாயிகளும் வர ஆரம்பித்தார்கள்.

"அரை மணி நேரம் இடுப்பைச் சாய்ச்சுக்கறேன் தம்பி..."

ஒரு ராத்திரி மாமா சொன்னார்: "எங்கப்பா கூண்டு வண்டியில வைக்கோலைப் பரப்பிப் போட்டுக் களத்துக்குக் காவல் படுப்பாரு. அதுக்கு ரெண்டு சக்கரம், எட்டுக் கால்!"

பிறகு வெயில் வந்தது. கிளறிக் கிளறிக் காயவைத்தோம். ஆறாம் நாள், மூட்டை 40 கிலோவாக எடை போட்டு ஏற்றினார்கள். கடைசி மூட்டை போனதும் மாமா பலகையில் படுத்தவர்தான். மறுநாள் காலை வரை எழுந்திருக்கவில்லை.

கொடைக்கானல் இன்னும் போகவில்லை. அந்த 14,800-ஐ நோட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது? பயணச் செலவா, பயிர்ச் செலவா? பி.காம். கைவிட்டது.

பலகையை ஒரு சாண் அகலப்படுத்த வேண்டுமென்று ஆசாரியாரிடம் போய்க் கதையைச் சொன்னேன். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சிரித்தார்.

"நான்தான் முதல்லயே கேட்டேனே தம்பி, நெல்லுக்கான்னு!"