சொதியில் மசாலா உண்டா?

திருநெல்வேலிப் பக்கம் கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்குச் சொதி வைப்பார்கள். தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, காய்கறி, இஞ்சி, பச்சைமிளகாய், கடைசியில் எலுமிச்சைச் சாறு. மசாலாப்பொடி கிடையாது, புளியும் கிடையாது. அதனால் இதை "மசாலாவே இல்லாத குழம்பு"ன்னு சொல்லிவிடலாமா? அதற்கு முதலில் எது மசாலாப் பொருள் என்று பார்க்கணும்.

ஒரு சின்னச் சோதனை. மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் சீரகத்தை மெல்லுங்கள். லேசான கசப்பு தவிர பெரிதாக ஒன்றும் தெரியாது. விரலை எடுத்ததும் சீரக வாசம் ஏறும். உப்பில் இதைச் செய்து பாருங்கள். மூக்கை மூடினாலும் உப்பு கரிக்கத்தான் செய்யும். உப்பும் புளிப்பும் நாக்கின் வேலை. சீரகம், ஏலம், கிராம்பு பெரும்பாலும் மூக்கின் வேலை. அவற்றில் உள்ள, எளிதில் ஆவியாகும் எண்ணெய்தான் அந்த மணம்.

மிளகும் மிளகாயும் கொஞ்சம் வேற மாதிரி. மிளகின் பைப்பரினும் மிளகாயின் கேப்சைசினும் சூட்டை உணரும் நரம்புகளைத் தூண்டுகின்றன. அதனால்தான் "எரியுது"ங்கிறோம். நம்ம அறுசுவைக் கணக்கில் உறைப்பு ஒரு சுவை. உடலியல் கணக்கில் அது சுவையில் சேராது.

சட்டம் என்ன சொல்லுது? 1986ஆம் ஆண்டின் நறுமணப் பொருள் வாரியச் சட்டத்தின் அட்டவணையில் 52 பொருட்கள் உண்டு. மஞ்சள், மிளகோடு கறிவேப்பிலை, புதினா, பூண்டு, வசம்பு எல்லாம் இருக்கு. நாக்கின் வேலை செய்யும் புளிகூட இருக்கு! உப்பு, வெங்காயம், எள் இல்லை. வணிகத்தை மனதில் வைத்துப் போட்ட பட்டியல் என்பதால் இந்தக் கலப்பு. இஞ்சியும் மிளகாயும் அதில் இருப்பதால், நம்ம சொதியிலும் இரண்டு சரக்கு உண்டு. பொடியாக இல்லை, பச்சையாக இருக்கு, அவ்வளவுதான்.

இந்த வித்தியாசம் நம்ம பர்ஸையும் தொடும். உப்பு விலை மலிவு, சரக்கு விலை அதிகம். பொடியில் உப்பு கூடினால், சரக்கின் விலை கொடுத்து உப்பு வாங்குகிறோம். அதனால்தான் 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளில், கறிமசாலாப் பொடியில் நறுமணப் பொருள் 85 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, உப்பு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று இருக்கு. ஆவியாகும் எண்ணெய்க்கும் குறைந்தபட்ச அளவு உண்டு: 0.25 சதவீதம். அதாவது, ஆய்வகமும் கடைசியில் அளப்பது மூக்குக்குத் தெரியும் அந்த எண்ணெயைத்தான்.

அடுத்த தடவை பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பட்டியல் எடை அதிகமானதிலிருந்துதான் தொடங்கும். உப்பு எத்தனையாவது இடத்தில் இருக்கிறது?