எஞ்சின் பேசுகிறது, யாருக்குப் புரிகிறது?

படகு எஞ்சினையும் ஜி.பி.எஸ்.ஸையும் இணைத்தால் கரை சேரும் கணக்கு கண்ணெதிரே. குறுக்கே நிற்பவை கம்பெனிகளின் தனி மொழிகள்.

அமெரிக்காவின் மயாமிக்கும் பஹாமாஸின் பிமினி தீவுக்கும் இடையே சுமார் 80 கி.மீ. கடல். நடுவே வடக்கு நோக்கிப் பாய்கிறது வளைகுடா நீரோட்டம். சிறு படகில் இதைக் கடப்பவர்களுக்கு ஒரு பழைய விதி உண்டு: பெட்ரோலில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, மூன்றாவது பங்கு ஆபத்துக்கு.

விதி இன்றும் செல்லும். ஆனால் ஊகத்துக்கு வேலை குறைந்துவிட்டது. படகின் பின்புறம் மாட்டப்படும் நவீன அவுட்போர்டு எஞ்சினுக்குள் ஒரு குட்டி கம்ப்யூட்டர் இருக்கிறது. மணிக்கு எத்தனை லிட்டர் எரிகிறது, சூடு எவ்வளவு என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. தெரியாதது ஒன்றுதான்: படகு எவ்வளவு தூரம் நகர்ந்தது? நீரோட்டத்தை எதிர்த்துப் போனால் பெட்ரோல் செலவு அதேதான், தூரம்தான் குறையும். ஜி.பி.எஸ்.ஸுக்கோ தூரம் தெரியும், பெட்ரோல் தெரியாது. இரண்டும் பேசிக்கொண்டால்தான் லிட்டருக்கு எத்தனை கி.மீ. என்ற விடை கிடைக்கும்.

பேச ஒரு பொது மொழி வேண்டுமே? அமெரிக்காவின் தேசிய கடல்சார் மின்னணுவியல் சங்கம் 1983இல் ஒன்றை உருவாக்கியது: என்.எம்.இ.ஏ. 0183. ஒரு கம்பியில் ஒரு கருவி பேசும், மற்றவை கேட்கும். வேகம் விநாடிக்கு 4,800 பிட். அடுத்து வந்த என்.எம்.இ.ஏ. 2000இல் எல்லாக் கருவிகளும் ஒரே கேபிளில் பேசலாம். வேகம் 2,50,000 பிட். கார்களுக்காக ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கிய 'கேன்' தொழில்நுட்பமே இதன் அடிப்படை.

சிக்கல் இங்கேதான். மெர்க்குரியின் 'ஸ்மார்ட்கிராஃப்ட்', யமஹாவின் 'கமாண்ட் லிங்க்' போன்றவை அந்தந்தக் கம்பெனியின் சொந்த மொழிகள். இடையில் 'கேட்வே' என்ற மொழிபெயர்ப்புப் பெட்டியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். எஞ்சினுக்குக் காசு கொடுத்தவர், அது சொல்வதைக் கேட்கவும் காசு கொடுக்கிறார்.

பெட்டி வந்தாலும் வேலை முடியாது. முதன்மைக் கேபிளின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை இருந்தாக வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மீட்டரால் அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

இரட்டை எஞ்சின் படகில் இன்னொரு வம்பு. இடது எஞ்சினுக்கு 0, வலதுக்கு 1 என்று எண் தர வேண்டும். இரண்டுக்கும் 0 என்றே விட்டுவிட்டால் இரண்டின் தகவல்களும் ஒரே முள்ளில் மாறி மாறி வரும். சூடேறியது எது, நிறுத்த வேண்டியது எது என்பது நடுக்கடலில் தெரியாமல் போகும்.

திரை காட்டும் மிச்ச பெட்ரோலும் வெறும் கழித்தல் கணக்குதான். நிரப்பியதைச் சொல்ல மறந்தால் கணக்கு பொய்க்கும். எனவே அனுபவசாலிகள் இன்றும் அவ்வப்போது பின்னால் திரும்பிப் பார்க்கிறார்கள், எஞ்சினிலிருந்து குளிர்நீர் பீய்ச்சுகிறதா என்று. அந்த மொழிக்கு கேட்வே தேவையில்லை.