பயிர்ப் பகைகளும் காற்றுத் துப்பாக்கியும்

மதுரையை அடுத்த பரவைப் பக்கத்திலும் வைகைக் கரையின் சுற்றுக் கிராமங்களிலும் நெல், வாழை, மல்லிகை, காய்கறி முதலியன சாகுபடியாகின்றன. பாடுபட்டு வளர்த்த பயிரை இரவில் எலியும், விடியற்காலையில் கிளியும், பகலில் மயிலும் அழிக்கக் காணும் குடியானவர்கள் மனம் நொந்து போவது இயற்கையே. இந்நிலையில், வலிமை மிக்க காற்றுத் துப்பாக்கி ஒன்றை வாங்கிவிட்டால் தொல்லை தீர்ந்துவிடும் என்று சிலர் எண்ணுகின்றனர். கையிலுள்ள பணத்தை அதிற் போடுமுன் அக்கருவி எத்தன்மையது, சட்டம் அதைப்பற்றி என்ன சொல்கிறது, அதனால் எந்தப் பிராணியை ஒழிக்க இயலும் என்ற மூன்று விஷயங்களையும் அறிந்துகொள்வது அவசியம்.

கருவியின் தன்மை

காற்றுத் துப்பாக்கியில் வெடிமருந்து கிடையாது. அழுத்தப்பட்ட காற்றே குண்டைத் தள்ளுகிறது. சாதாரணமாகக் கிடைப்பதில் குழலை மடித்து இழுத்தால் உள்ளேயுள்ள வில்சுருள் இறுகி நிற்கும். விசையை அழுத்தியதும் சுருள் விடுபட்டு, உந்துதண்டு முன்னே பாய்ந்து காற்றை நெருக்கும். மற்றொரு வகையில் சிறு தொட்டியில் முன்னதாகவே மிகுந்த அழுத்தத்தில் காற்று நிரப்பப்பட்டிருக்கும். இரண்டாவது வகையே பெரும்பாலும் அதிக வலிமையுடையது.

துப்பாக்கியின் வலிமையை ஜூல் என்னும் அளவால் குறிப்பர். இரண்டு கிலோ எடையுள்ள கல் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையில் மோதும் விசை ஏறக்குறைய 20 ஜூல் ஆகும். அரை கிராமுக்குச் சற்று அதிகமான ஈயக் குண்டு வினாடிக்கு 270 மீட்டர் வேகத்தில் சென்றால் அதன் விசையும் அநேகமாக அவ்வளவே. கல்லின் விசை பரந்து விழும். குண்டின் விசையோ ஊசிமுனை போன்ற சிறு இடத்தில் இறங்கும். ஆகையால் இதை விளையாட்டுப் பொருள் என்று எண்ணிவிடலாகாது. எலி போன்ற சிறு பிராணி இதனால் சாகும். மனிதன் கண்ணிற் பட்டாற் பார்வை போய்விடும்.

சட்டத்தின் நிலை

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் 2016-இல் புதிய விதிகள் ஏற்பட்டன. குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு, அதாவது 0.177 அங்குலத்துக்கு, மேற்பட்டிருந்தாலும், விசை 20 ஜூலுக்கு மேற்பட்டிருந்தாலும் அத்தகைய காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும் என்பதே பொது ஏற்பாடு. மேலே சொன்ன 20 ஜூல் கணக்கை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க. 0.22 அங்குல விட்டமுள்ள துப்பாக்கி, விசையிற் குறைந்ததாயினும், விட்டத்தின் காரணமாகவே லைசென்ஸுக்கு உட்படுகிறது. கடைக்காரர் வாய்மொழியை மட்டும் நம்பி வாங்காமல், விட்டமும் விசையும் குறித்த எழுத்துமூலமான விவரத்தைக் கேட்டுப் பெறுவதே நலம்.

லைசென்ஸுக்கு ஜில்லா கலெக்டரிடமும், மாநகரக் காவல் எல்லைக்குட்பட்டோர் போலீஸ் கமிஷனரிடமும் மனுச் செய்துகொள்ள வேண்டும். மனுதாரருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். போலீஸ் விசாரணையும் உண்டு. 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி லைசென்ஸின் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக உயர்ந்துள்ளது. பயிரைக் காக்கும் பொருட்டு உண்மையாகவே தேவைப்படுவோர்க்கென ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் தனி வழி உண்டு. ஆனால் அப்பிரிவு முதலாவதாகக் குறிப்பிடுவது வாய்வழியே மருந்து கிட்டிக்கும் துப்பாக்கியைத்தான். எனவே "பயிர்ப் பாதுகாப்புக்காக" என்று மனுவில் எழுதியமாத்திரத்தால் வலிமை மிக்க காற்றுத் துப்பாக்கி கிடைத்துவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

பிற தேசங்களிலும் இத்தகைய வரம்பு உண்டு. இங்கிலாந்தில் ஏறக்குறைய 16 ஜூலுக்கு மேற்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு அனுமதிச் சான்று வேண்டும். ஸ்காத்லாந்தில் 2016 டிசம்பர் இறுதியிலிருந்து அதற்குக் குறைந்தவற்றுக்கும் சான்று தேவையாயிற்று. அந்நாட்டுக் குடியானவர்கள் முயலையும் காட்டுப் புறாவையும் இதனாற் சுடுவதைக் கேள்வியுற்று, நம் நாட்டிலும் அவ்வாறே செய்யலாம் என்று எண்ணுவது பெரும் பிழையாகும்.

சுடக்கூடாத பிராணிகள்

துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருப்பது வேறு. பிராணியைச் சுட அனுமதி இருப்பது வேறு. லைசென்ஸ் தேவைப்படாத சிறு துப்பாக்கியானாலும், கவண்கல்லே ஆனாலும், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். கொல்வது மட்டுமன்று, கொல்ல முயல்வதும் அச்சட்டப்படி வேட்டையே.

மயில் 1963 முதல் நம் தேசியப் பறவை. மேற்படி சட்டத்தின் முதலாம் அட்டவணையில் உள்ளது. அவ்வட்டவணையிலுள்ள பிராணியை வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கப்படும். நாட்டுக் குரங்கும் கிளியும் பாதுகாக்கப்பட்டவையே. முன்னர் காகம், பழந்தின்னி வௌவால், எலி, சுண்டெலி ஆகியவை மட்டும் தீங்குயிர்கள் என்று ஐந்தாம் அட்டவணையில் தனியே வைக்கப்பட்டிருந்தன. 2022-இன் திருத்தச் சட்டம் 1-4-2023 முதல் அமலுக்கு வந்தபோது அவ்வட்டவணை அடியோடு நீக்கப்பட்டது. ஆகவே "காகத்தைச் சுடத் தடையில்லை" என்னும் பழைய பேச்சை இனி நம்பலாகாது.

காட்டுப் பன்றியைப் பற்றித் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் ஓர் ஏற்பாட்டை வெளியிட்டது. காப்புக் காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடுவதும் பிடிப்பதும் கிடையா. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம். ஆனால் சுடுவோர் வனத்துறையினரே, குடியானவர் அல்லர். மேலும் காற்றுத் துப்பாக்கியின் சிறு குண்டு பன்றியைக் கொல்லாது. புண்படுத்தி வெறி கொள்ளச் செய்யும். அவ்விதம் புண்பட்ட பன்றி, மறுநாட் காலையில் களையெடுக்க வரும் பெண்கள்மேற் பாயக்கூடும்.

எலிக்கு உதவுமா?

எஞ்சியிருப்பது எலி. வைக்கோற் போர், தானியக் குதிர், மாட்டுக் கொட்டகை ஆகிய இடங்களில் வரும் ஒன்றிரண்டு எலிகளைச் சுட்டுக் கொல்வது இயலும். வயலிலோ நிலைமை வேறு. வரப்பெலி பகலெல்லாம் வளையில் தங்கி இரவில் வெளிவருகிறது. தாள்களைச் சாய்வாக அறுத்து, கதிர்களை வளைக்குள் இழுத்துச் சேர்க்கிறது. சினைக்காலம் மூன்று வாரத்துக்குச் சற்று அதிகமே. ஓர் ஈற்றில் பல குட்டிகள். ஒருவர் இரவெல்லாம் விழித்து மூன்று எலிகளைச் சுட்டார் எனக் கொள்வோம். வரப்பில் முப்பது வளைகள் இருப்பின் அதனால் என்ன பயன்? அந்த மூன்றின் இடம் சில நாட்களிலேயே நிரம்பிவிடும்.

அபாயமும் சிறிதன்று. இருட்டில் நீர் பாய்ச்ச வந்தவர் வரப்பின் மறுபுறம் நிற்கலாம். கல்லிலோ காய்ந்த வரப்பிலோ பட்ட குண்டு திசை மாறித் தெறிக்கும். விளக்கொளியில் மின்னும் கண்கள் கூகையினுடையனவாக இருக்கவும் கூடும். கூகையோ எலியையே முக்கிய இரையாக உடைய பறவை. ஈயக் குண்டு பாய்ந்த எலியைத் தின்ற கூகையும் பருந்தும் ஈய நஞ்சால் கெடும். சம்பளமின்றி இராக்காவல் செய்யும் இப்பறவையை அபசகுனம் என்று விரட்டுவது நம்மவரே நமக்குச் செய்துகொள்ளும் கேடு.

செய்யத்தக்கவை

எலி ஒழிப்பில் முக்கியமானது ஊரொற்றுமை. ஒருவர் வயலில் மட்டும் ஒழித்தால் அடுத்தவர் வயலிலிருந்து எலி வந்துசேரும். கதிர் வருமுன், நடவை ஒட்டிய நாட்களிலேயே ஒரு பாசனத்தார் யாவரும் சேர்ந்து தொடங்க வேண்டும். வரப்பைக் குறுக்கிப் புல்லைச் செதுக்கினால் வளை தோண்ட இடமிராது. தஞ்சாவூர்க் கிட்டி செலவு குறைந்தது, பிறருக்குத் தீங்கற்றது. வயலில் ஆங்காங்கே ஆங்கில எழுத்து "டி" போன்ற குச்சிகளை நட்டால் கூகை வந்து அமரும்.

இவற்றுக்கும் மிஞ்சினால் நச்சுணவு வைக்கலாம். முதல் இரண்டு மூன்று நாள் நஞ்சு கலவாத பொரியை வைத்துப் பழக்கி, பின்னர் 49 பங்கு பொரியுடன் ஒரு பங்கு ஜிங்க் பாஸ்பைடைச் சிறிது எண்ணெயுடன் குச்சியாற் கலந்து வளைக்குள் இட வேண்டும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. குழந்தைகள், கால்நடை, கோழி அணுகாதபடி காத்தலும், செத்த எலிகளைப் புதைத்தலும் கட்டாயம்.

கிளிக்கும் மயிலுக்கும் விரட்டுவதே வழி. சோளம், சூரியகாந்தி வயல்களில் பளபளக்கும் நாடாவைப் பயிருக்குச் சற்று மேலே முறுக்கிக் கட்டினால் அது காற்றில் ஒலித்து ஒளிவீசிப் பறவையை அஞ்சச் செய்யும். பரண் காவலும் தகர ஓசையும் இன்றும் பயன்படுவனவே; பறவை பழகிவிடாதபடி இடத்தையும் முறையையும் அடிக்கடி மாற்றிக்கொள்ள வேண்டும். நாற்றங்காலுக்கும் காய்கறிப் பாத்திக்கும் வலை போடுவது தகும். சேதம் மிகுந்தால் வனத்துறை அலுவலரிடம் எழுத்துமூலம் மனுக் கொடுத்துப் பார்வையிடச் செய்வது முறை.

லைசென்ஸுடன் துப்பாக்கி வைத்திருப்போர் அதைக் குண்டின்றிப் பூட்டி வைக்க வேண்டும். சிறுவர் கையிற் கொடுக்கலாகாது. இலக்குக்குப் பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் சுடலாகாது. மற்றவர்கள் அதற்கென ஒதுக்கிய தொகையைக் கிட்டிக்கும் வலைக்கும் செலவிட்டு, அண்டை வயலாரோடு சேர்ந்து உழைப்பார்களாயின், பயிரும் பிழைக்கும். கோர்ட்டுப் படியேறும் கஷ்டமும் நேராது.