அருகலையும் இயக்கி மென்பொருளும்

பழைய மடிக்கணினியைக் குப்பைக்கு அனுப்ப மனமில்லாதவர்கள் பலர், அதில் லினக்ஸ் போன்ற திறந்த மூல இயங்குதளத்தை நிறுவிப் பயன்படுத்துகின்றனர். நிறுவி முடித்ததும் சிலருக்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கும். திரை ஒளிரும், விசைப்பலகை இயங்கும், அருகலை மட்டும் கிடைக்காது. கணினி பழுதாகிவிட்டது என அவர்கள் முடிவு செய்துவிடுவார்கள். ஆனால், பல வேளைகளில் குறை அருகலை அட்டையில் இருப்பதில்லை. அதனை இயக்கும் மென்பொருளில்தான் இருக்கும்.

இயங்குதளத்திற்கும் அருகலை அட்டைக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர்போல் செயல்படும் மென்பொருளே 'இயக்கி' ஆகும். பல அட்டைகளுக்கு இது மட்டும் போதாது. 'நிலைப்பொருள்' எனப்படும் சிறு கோப்பு ஒன்றையும் இயக்கி அந்த அட்டைக்குள் ஏற்ற வேண்டும். இவ்விரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அட்டை வேலை செய்யாது.

இச்சிக்கல் ஏன் எழுகிறது? லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் லினக்ஸ் கருநிரலை வெளியிட்டார். ஆனால், அருகலைச் சில்லுகளைத் தயாரித்த சில நிறுவனங்கள் விண்டோஸுக்கு மட்டுமே இயக்கிகளை வழங்கின. சில்லின் நுட்ப விவரங்களையும் வெளியிடவில்லை. பிராட்காம் சில்லுகள் செயல்படும் முறையைத் தன்னார்வலர்களே ஆராய்ந்து இயக்கியை எழுதினர். அது 2006இல் கருநிரலில் சேர்க்கப்பட்டது. 2010இல் அந்நிறுவனமே தன் புதிய சில்லுகள் சிலவற்றுக்குத் திறந்த மூல இயக்கியை வெளியிட்டது.

அருகலை கிடைக்காவிட்டால், முதலில் விமானப் பயன்முறையோ மடிக்கணினியின் அருகலை விசையோ அட்டையை முடக்கியுள்ளதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, 'எல்எஸ்பிசிஐ' என்னும் கட்டளையின் மூலம் கணினி அட்டையை அடையாளம் கண்டுள்ளதா என அறியலாம். யுஎஸ்பி வகை அட்டையாயின் 'எல்எஸ்யுஎஸ்பி' கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். பெட்டியில் அச்சிட்டுள்ள பெயரைவிடச் சில்லின் அடையாள எண்ணே முக்கியம். ஒரே பெயரில் விற்கப்படும் அட்டைகளிலும் வெவ்வேறு சில்லுகள் இருக்கக்கூடும். எடுத்துக்காட்டாக, அந்த எண் 8086 என்று தொடங்கினால் அது இன்டெல் நிறுவனத்தின் சில்லாகும்.

பட்டியலில் அட்டை இருந்தும் அது இயங்கவில்லையா? 'டிஎம்இஎஸ்ஜி' என்னும் கட்டளை கருநிரலின் பதிவேட்டைக் காட்டும். எந்த நிலைப்பொருள் கோப்பு கிடைக்கவில்லை என்பதை அதில் பெயருடன் காணலாம்.

இங்கு ஒரு சிக்கல் உண்டு. விடுபட்ட கோப்பைப் பெற இணையம் வேண்டும். இணையத்தைப் பெற அந்தக் கோப்பு வேண்டும்! அப்போது கணினியைக் கம்பிவழி இணையத்துடன் இணைக்கலாம். அல்லது கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் இணையத்தைப் பகிரலாம். கோப்பை நிறுவிக் கணினியை மீண்டும் தொடக்கினால், பெரும்பாலும் அருகலை கிடைத்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, அதனைக் குறித்து வைப்பது நல்லது. பல மாற்றங்களை ஒன்றாகச் செய்தால், எது பயனளித்தது என்பது தெரியாமல் போய்விடும். பதறாத காரியம் சிதறாது. பொறுமையாகக் காரணத்தைத் தேடினால், குப்பைக்குப் போகவிருந்த கணினி இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.