நிழல் தெற்கே சாயும் மாதங்கள்

கோலும் கயிறும் – 7

முகாமிடத்தைத் தேர்வதும் பெற்றோரின் ஒப்புதலைப் பெறுவதும் முந்தைய இரு வாரங்களில் பேசி முடிக்கப்பட்டவை என்பதால் அவற்றை இங்கே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வாரம் அடுப்படிக் கணக்கு என்று அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் சனிக்கிழமைப் பகல் முழுவதையும் எட்டுச் சிறுவர்களுக்கு எதைக் கொண்டு நிரப்புவது என்பது முடிவாகாமல் உலை வைக்கும் நேரத்தைக்கூடக் குறிக்க முடியாது.

சாரணர் இயக்கத்தில் ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட சிறு குழுவுக்கு அணி என்று பெயர். இத்தொடர் திட்டமிடுவது அத்தகைய ஓர் அணிக்கே. பேடன் பவல் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமிலும் சுமார் இருபது சிறுவர்கள் நான்கு அணிகளாகவே பிரிக்கப்பட்டனர். வசதியான பள்ளிகளிலிருந்து வந்தவர்களிடம் ஒரு பவுனும், உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளிடம் மூன்று ஷில்லிங் ஆறு பென்ஸும் மட்டும் கட்டணமாகப் பெறப்பட்டன என்பதால், பணமில்லாத சிறுவன் முகாமுக்கு வெளியே நின்றுவிடக் கூடாது என்னும் அக்கறை இயக்கத்தின் முதல் வாரத்திலேயே இருந்தது எனலாம். அந்த அக்கறையை இன்று காப்பதற்கு, காசு கொடுத்து வாங்க வேண்டிய எதையும் நம்பாத பயிற்சிகளே உதவும். அவற்றுள் முதலிடம் தர வேண்டியது மூன்றடிக் கோல் ஒன்றை வெயிலில் நட்டுத் திசை காணும் பயிற்சியாகும்.

சமதளமான, புல்லில்லாத இடத்தில் கோலை நட்டு, கல் கட்டிய கயிறான தூக்குக்குண்டைப் பக்கத்தில் தொங்கவிட்டு, அது செங்குத்தாக நிற்கிறதா என்று முதலில் சரிபார்க்க வேண்டும். காலை 9 மணிக்கு நிழலின் நுனி எங்கே படிகிறதோ அந்த இடத்தைத் தொடுமாறு, கோலடியில் கயிற்றைச் சுழலவிட்டு ஒரு வட்டம் வரைந்து, நுனியில் ஒரு கூழாங்கல்லை வைக்க வேண்டும். உச்சிப்பொழுது வரை குறுகும் நிழல் பிறகு மறுபக்கமாக நீண்டு அதே வட்டத்தை மீண்டும் தொடும்போது இரண்டாவது கல்லை வைத்து இரண்டையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால், முதற்கல் மேற்கையும் இரண்டாவது கல் கிழக்கையும் காட்டும். கோடைக்காலத்துப் பிற்பகல்களில் மேகம் திரண்டு வெயிலை மறைத்துவிடுவது வழக்கமாதலால், ஒரு வட்டத்தோடு நிறுத்தாமல் 9.30 மணிக்கும் 10 மணிக்கும் மேலும் இரண்டு வரைந்துவைப்பது நல்லது. ஒன்று தவறினாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

தரையில் நட்ட குச்சியால் நிழலை அளப்பதை நூல்கள் சங்கு நாட்டுதல் என்கின்றன. சங்கு என்பது இங்கே நிழல் அளக்கும் முளையைக் குறிக்கும். பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில், பாண்டிமாதேவியின் அரண்மனைக்கு மனை வகுக்கும் இடத்தில், நூலறிந்த புலவர்கள் நண்பகலில் இரண்டு கோல்களின் நிழலைப் பார்த்துத் திசை தெரிந்து கயிறிடும் காட்சி வருகிறது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இதைச் சித்திரைத் திங்களில் நிகழ்வதாக விளக்குகிறார். அந்த மாதத்தைச் சொன்னது எவ்வளவு பொருத்தமானது என்பதைத் தமிழ்நாட்டுச் சாரணன் தன் கண்ணாலேயே காண முடியும்.

வெயில் மிதமான வடநாடுகளுக்காக எழுதப்பட்ட முகாம் கையேடுகள் உச்சிப்பொழுது நிழல் வடக்கே விழும் என்று கூறுகின்றன. கைக்கடிகாரத்தின் மணி முள்ளைச் சூரியனை நோக்கித் திருப்பி, அதற்கும் 12 என்னும் எண்ணுக்கும் இடைப்பட்ட கோணத்தைப் பாதியாக்கினால் தெற்கு கிடைக்கும் என்றும் கற்பிக்கின்றன. தமிழ்நாடு கடகரேகைக்குத் தெற்கே இருப்பதால், சூரியன் ஆண்டுக்கு இருமுறை நேர் உச்சிக்கு வருகிறது: கன்னியாகுமரியில் ஏப்ரல் 10ஐயும் செப்டம்பர் 1ஐயும் ஒட்டி, சென்னையில் ஏப்ரல் 24ஐயும் ஆகஸ்ட் 18ஐயும் ஒட்டி. அந்நாட்களின் உச்சிப்பொழுதில் தரையில் வைத்த எவர்சில்வர் டம்ளருக்குப் பக்கவாட்டு நிழலே இராது. அவ்விரு நாட்களுக்கும் இடையே சூரியன் உச்சிக்கு வடக்கே நகர்ந்துவிடுவதால் நண்பகல் நிழல் தெற்கே சாய்கிறது. சென்னையில் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் வடக்கே இரண்டே கால் அடி நீளும் மூன்றடிக் கோலின் நிழல், ஜூன் மூன்றாம் வாரத்தில் தெற்கே ஏறத்தாழ ஆறரை அங்குலம் நீளும். ஆகவே கோடை விடுமுறை முகாமில் கடிகார முறையை நம்பிய அணி திசை தப்பிப் போகும். வட்ட முறையோ எந்த மாதத்திலும் ஏமாற்றாது. கையேட்டில் அச்சாகியிருக்கும் ஒரு விதி தன் ஊருக்குப் பொருந்தவில்லை என்று பதினொரு வயதில் ஒரு குச்சியால் கண்டுபிடிப்பதற்கு இணையான கல்வியைப் பள்ளிக்கூடம் எளிதில் தந்துவிட முடியாது.

இதனோடு சேர்ந்து கிடைப்பது மற்றொன்று. நிழல் மிகக் குறுகும் கணம் கடிகாரத்தில் 12 மணியாக இருப்பதில்லை. இந்திய நேரம் 82½ பாகைக் கிழக்கு நெடுங்கோட்டைக் கொண்டு அமைந்தது; தமிழ்நாடு அதற்கு மேற்கே இருப்பதால், சித்திரை மாதத்தில் சென்னையின் உச்சிப்பொழுது 12.09 மணி அளவிலும் கோயம்புத்தூரினது 12.22 மணி அளவிலும் வரும். கல் வைக்கும் பொறுப்பை ஒருவனிடமும் மணி குறிக்கும் பொறுப்பை வேறொருவனிடமும் ஒப்படைத்தால், இந்த வேறுபாட்டை அவர்களே கண்டறிந்து காரணம் கேட்பார்கள். நிழலின் நீளம் கோலின் நீளத்துக்குச் சமமாகும் நேரத்தில், சித்திரையில் அது 9 மணி கடந்ததும் வரும், அருகில் நிற்கும் தென்னையின் நிழலைத் தரையில் அளந்தால் அதுவே மரத்தின் உயரம். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதையும், அளவு எடுக்காத நேரங்களில் மரநிழலில் இருந்து தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதையும் சாரண ஆசிரியர் தொடக்கத்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

காலையில் 9 மணிக்கு வைத்த கல்லுக்கு இணையான கல் பிற்பகல் 3 மணியைக் கடந்த பிறகே விழும் என்பதால், அரிசி களைவதிலிருந்து பாத்திரம் கழுவுவது வரை எல்லாம் அந்த இரு கற்களுக்கும் இடையே முடிந்தாக வேண்டும். உச்சிப்பொழுதை ஒட்டிய அரைமணி நேரம் எல்லோரும் கோலடியில் இருப்பார்கள். அடுப்பைப் பார்க்க ஆள் இராது. எனவே ஒரே பாத்திரத்தில் வேகும் உணவு எது, எட்டுப் பேருக்கு அரிசியும் பருப்பும் எத்தனை படி, விறகுக்கு என்ன செலவு என்னும் கணக்கு அடுத்த வாரம்.